ஒன்றரைச் சாண் புரோகிராம்

நான் வேலை பார்த்த முதல் ஆபீசில் புரோகிராமை முழம் போட்டு அளந்தார்கள். பேச்சுக்காகச் சொல்லவில்லை. சாயங்காலமானால் மாஸ்டர் தன் பலகைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து வருவார். பிரிண்டரின் பின்னால் மடிப்பு மடிப்பாக விழுந்து கிடக்கும் ஓரத்தில் ஓட்டை போட்ட பேப்பரை எடுப்பார். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் வைத்து, பூக்காரம்மா மல்லிகையை அளப்பதுபோல, ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து முழம். முடித்தவர்கள் வீட்டுக்குப் போகலாம். முடிக்காதவர்கள் முடித்துவிட்டுப் போகலாம்.

தேனி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். மாஸ்டர் அதற்கு முன்னால் இருபது வருஷம் அதே இடத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக நின்றுபோகும் என்று எல்லோரும் பயந்து, ஒன்றும் நிற்காமல் போனதே, அதற்கு அடுத்த வருஷம் அவர் இரண்டு மெஷினை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விற்றுவிட்டு நாலு கம்ப்யூட்டர் வாங்கினார். போர்டில் 'டைப்ரைட்டிங்' என்ற எழுத்தின் மேல் பெயிண்ட் அடித்து 'கம்ப்யூட்டர்' என்று எழுதினார். மேலே எழுதியதைத் தவிர உள்ளே வேறெதுவும் மாறவில்லை.

எங்கள் வேலை, பள்ளிக்கூடங்களுக்கு மார்க் பட்டியலும் ரேங்க் கார்டும் போட்டுத் தருகிற புரோகிராம் எழுதுவது. ஆறாம் வகுப்பு அ பிரிவுக்கு ஒரு புரோகிராம், ஆ பிரிவுக்கு ஒரு புரோகிராம், ஏழாம் வகுப்புக்குத் தனி. எல்லாம் ஒரே அச்சுதான். வகுப்பின் பெயரும் டீச்சரின் பெயரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் மட்டும் மாறும். கொஞ்சம் விவரம் உள்ள யாரும் ஒன்றை எழுதி, அதையே நகல் எடுத்து, பெயரை மாற்றிக்கொள்வார்கள். மாஸ்டர் விடமாட்டார். ஒருமுறை யாரோ கொண்டுவந்த பிளாப்பியில் வைரஸ் இருந்து நாலு கம்ப்யூட்டரும் படுத்துவிட்டன. அன்றிலிருந்து நகல் எடுப்பது என்றாலே அவருக்கு ஆகாது. எதுவானாலும் முதல் எழுத்திலிருந்து அடிக்க வேண்டும். அடித்ததைப் பேப்பரில் எடுக்க வேண்டும். "மெஷின் செத்தாலும் பேப்பரு சாகாது" என்பார். சுவர் முழுக்க ஆணி அடித்திருந்தார். ஒரு வகுப்புக்கு ஒரு ஆணி. ஆணிக்கு ஒரு புரோகிராம்.

ஆகவே நாங்கள் உலகத்தில் வேறெந்த புரோகிராமரும் செய்யாத ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். பழைய புரோகிராமின் பேப்பரை இடது பக்கம் ஸ்டாண்டில் மாட்டிவைத்து, கண்ணைப் பேப்பரிலும் விரலைக் கீபோர்டுக் கட்டையிலும் வைத்து, திரையைப் பார்க்காமலேயே அடித்தோம். திரையைப் பார்ப்பது அங்கே கௌரவக் குறைச்சல்.

என்னையும் சேர்த்து மூன்று பேர். கடமலைக்குண்டிலிருந்து வந்த அக்கா டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவர். அவர் அடிக்கிற சத்தத்தைக் கேட்டால் தகரக் கூரையில் மழை பிடித்ததுபோல இருக்கும். மூன்றரை மணிக்குப் பதினைந்து முழத்தையும் மடித்து வைத்துவிட்டு, பையில் இருக்கும் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இன்னொருவர் குமுளி மலையடியில் இருக்கும் லோயர் கேம்ப்பிலிருந்து வந்த அண்ணன். பவர் ஹவுஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், பாதி மலையாளம். வேகம் சுமார்தான், ஆனால் எதற்கும் கவலைப்படாதவர்.

மூன்றாவது நான். படித்தது கம்ப்யூட்டர், டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையில் இரண்டு தடவை பெயில். வேலைக்குச் சேர்க்கும்போது மாஸ்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஸ்பீடு எவ்வளவு?"

"நாப்பது மாஸ்டர்" என்றேன். உண்மையில் இருபது. அதுவும் நல்ல நாளில்.

பொய் சொன்னதற்கான தண்டனை பதினைந்து முழமாக வந்தது. என் வேகத்துக்கு அது, தப்பு விழாத நாளில்கூட, ஆறரை மணி நேர வேலை. எனக்கோ நாலு நாற்பது பஸ்ஸை விடக்கூடாது. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று நின்று நின்று அது கம்பம் போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து சுருளிப்பட்டிக்கு டவுன் பஸ் தயாராக நிற்கும். விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். நாலு நாற்பதை விட்டால் அந்த டவுன் பஸ்ஸும் போய்விடும், அப்புறம் எப்போது வீடு சேர்வேன் என்று யாரும் சொல்ல முடியாது.

வேலைக்கு விடும்போதே அப்பா கணக்காகச் சொல்லியிருந்தார்.

"போ. வேணாங்கல. ஆனா வெளக்கு வக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வந்துரணும். ஒருக்கா தப்பும், ரெண்டுதரம் தப்பும். மூணாந்தரம் தப்புச்சுன்னா வேல வேணாம், பந்தல்ல வேல கெடக்கு."

பந்தல் என்றால் எங்கள் திராட்சைப் பந்தல். அதற்குக் கீழே கழுத்தை அண்ணாந்துகொண்டு நிற்கிற வேலை எனக்கு ஆறு வயதிலிருந்தே பிடிக்காது. எதைச் செய்தாவது இந்த மாடி ஆபீசில் ஒட்டிக்கொள்வது என்று இருந்தேன். அது என் சொந்த நாற்காலி, என் சொந்தக் கம்ப்யூட்டர், ஜன்னலுக்கு வெளியே மனிதர்கள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமே இல்லை.

முதல் வாரத்திலேயே ஒருக்கா தப்பியது. பன்னிரண்டாவது முழத்தில் மணி நாலரை. அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்தபோது அப்பா வாசலில் நின்று ஒரு விரலைக் காட்டினார். 

வேகத்தைக் கூட்டுவது என்னால் ஆகாத காரியம். விரல் அப்படி. ஆகவே வேலையைக் குறைக்க முடியுமா என்று பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் மற்ற இருவரும் கதை பேசிக்கொண்டிருக்க, நான் ஒரு கையில் தயிர்சாதமும் மறு கையில் கட்டையுமாக, நாங்கள் புரோகிராம் எழுதிய ஃபாக்ஸ்புரோவின் உதவிப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். கல்லூரியில் பரீட்சைக்காக உருப்போட்டதெல்லாம் அங்கே உயிரோடு உட்கார்ந்திருந்தது. எங்கள் புரோகிராமில் தமிழுக்குப் பத்து வரி, ஆங்கிலத்துக்கு அதே பத்து வரி, கணக்குக்கு அதே பத்து வரி என்று அடித்துக்கொண்டிருந்தோம். ஒரு சுற்றுக்குள் போட்டால் அந்தப் பத்து வரியே ஐந்து பாடத்துக்கும் தானாகச் சுற்றிவரும். வகுப்பின் பெயரை வரிக்குள் எழுதாமல் வெளியே ஒரு பட்டியலில் வைத்தால், ஒரே புரோகிராம் பள்ளிக்கூடம் முழுவதையும் பார்த்துக்கொள்ளும். ஒரு வாரம் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் பதினெட்டு வகுப்புள்ள ஒரு பள்ளிக்கூடத்தை ஒற்றைப் புரோகிராமில் முடித்துவிட்டேன். மூன்று பேரும் சேர்ந்து அடித்தால்கூட ஒரு நாளுக்கு மேல் ஆகிற வேலை அது. மத்தியானம் இரண்டு மணிக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

பேப்பரைக் கொண்டுபோய் மாஸ்டரிடம் நீட்டினேன். அவர் முழங்கையை எடுத்தார். பேப்பரைப் பார்த்தார். முழங்கையை இறக்கிவிட்டு, கையை விரித்து வைத்து அளந்தார்.

"ஒன்றரைச் சாண். மிச்சம் எங்கத்தா?"

"அம்புட்டுத்தேன் மாஸ்டர். ஒரு பள்ளிக்கூடமே முடிஞ்சிருச்சு."

"பள்ளிக்கூடம் முடிஞ்சது இருக்கட்டும். அங்கன பதினெட்டு ஆணி இருக்கு. இத எந்த ஆணியில மாட்ட?"

நான் விளக்கினேன். சுற்று என்றேன், பட்டியல் என்றேன். ஓட்டிக்கூடக் காட்டினேன், பதினெட்டு வகுப்பின் ரேங்க் பட்டியலும் வரிசையாக வந்தது. அவர் அதை ஒரு வித்தையைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. இப்பப் போயி பதினஞ்சு மொழத்த அடி" என்றார். அடித்தேன். நாலு நாற்பது பஸ் என் கண்ணுக்கு எதிரேயே போயிற்று. அன்று அப்பா இரண்டு விரலைக் காட்டினார்.

மாஸ்டர்மேல் எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் அவரைத் திட்டினேன். உத்தமபாளையம் தாண்டும்போது கோபம் திசை மாறியது. அவருக்கு வேண்டியது முழம். கம்ப்யூட்டருக்கு வேண்டியது சாண். என் சாணை வைத்துக்கொண்டு அவருக்கு முழம் காட்ட முடியாதா என்று தோன்றியது. சிரித்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அடுத்த இரண்டு நாளில் சாப்பாட்டு நேரத்திலேயே நான் எழுதியது, புரோகிராம் எழுதுகிற புரோகிராம். வகுப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். பழைய அச்சில், தமிழுக்குப் பத்து வரி ஆங்கிலத்துக்குப் பத்து வரி என்று, வகுப்புக்கு மூன்று முழமாக அதுவே எழுதித் தள்ளும். காலையில் ஒன்பதரைக்கு உட்காருவேன். பத்து மணிக்குப் பதினைந்து முழம் தயார். ஒரேயடியாக அச்சடித்தால் பிரிண்டர் போடும் கூச்சலில் குட்டு உடைந்துவிடும் என்று, மணிக்கு ஒருதரம் மூன்று முழம் வீதம் எடுத்தேன். நாலு மணிக்கு மாஸ்டர் அளப்பார், நான் நல்ல பிள்ளையாக நிற்பேன். பதினாறு முழம்கூடக் காட்டியிருக்கிறேன். நாலு நாற்பதில் ஜன்னலோர இடமே கிடைத்தது.

மிச்ச நேரம் முழுக்க உதவிப் பக்கங்களைப் படித்தேன். அந்த இரண்டு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதை மூன்று வருஷக் கல்லூரியில் கற்றுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பிழை என்று வந்தால், அக்கா ஒவ்வொரு வகுப்பாகத் திறந்து தேடுவார். நான் ஓர் இடத்தில் திருத்திப் பதினெட்டையும் மறுபடி எழுதவிட்டுவிடுவேன். ஹையர் முடித்த அக்காவைவிட லோயர் பெயிலான நான் அதிகம் முடிக்கிறேன் என்ற நினைப்பு தித்திப்பாகத்தான் இருந்தது. கொஞ்சம் அலட்டலும் வந்துவிட்டது, நடந்து போகும்போது அக்காவின் ஸ்டாண்டை எட்டிப் பார்த்து, "இன்னும் ஏழாம் வகுப்புதானாக்கா?" என்று கேட்பேன்.

அக்கா என்ன லேசுப்பட்ட ஆளா. ஒருநாள் சாப்பிடும்போது தணிந்த குரலில் சொன்னார்.

"ஏ புள்ள, ஒனக்குக் கொஞ்ச நாளாத் தப்பே விழுகல. மாஸ்டரு சிவப்புப் பேனாவ வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காக, ஒரு சுழி போட எடமில்ல. நானே பக்கத்துக்கு ரெண்டு தப்பு விடுறேன். நீ எங்கிட்டுருந்து இம்புட்டுச் சுத்தம்?"

நான் டிபன் டப்பாவை மூடப் பார்த்தேன்.

"அதவிட இன்னொன்னு" என்றார் அக்கா. "நீ அடிக்கிற சத்தமே கேக்கல. அவுக கண்ணால பாக்குற ஆளில்ல. காதால பாக்குறவுக."

எல்லாம் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மாஸ்டரிடம் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அக்கா கேட்டது வேறு. செவ்வாய்க்கிழமை கோயிலுக்குச் சீக்கிரம் போக வேண்டும். அன்றைக்கு மட்டும் ஆறு முழம் தர முடியுமா என்றார். தந்தேன். இதைக் கேட்டுக்கொண்டிருந்த லோயர் கேம்ப் அண்ணன் மறுநாள் குமுளியிலிருந்து ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, "எனக்கு மூணு முழம் மதி" என்றார். மலையாளத்தில் மதி என்றால் போதும். ஆக நான் மூன்று பேருக்கு முழம் நெய்து கொடுக்கும் ஆளாகிவிட்டேன். அக்கா சீக்கிரம் கோயிலுக்குப் போனார், அண்ணன் ஜன்னல் வழியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார், நான் சிப்ஸ் தின்றேன்.

அக்கா சொன்ன இரண்டு குறையையும் சரி செய்தேன். தப்பு விழாததுதானே சந்தேகம்? நாற்பது வரிக்கு ஒருமுறை, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பு வரியில் மட்டும், ஓர் எழுத்து மாறி விழும்படி எழுதினேன். அக்காவுக்கு வேறு மாதிரித் தப்பு, அண்ணனுக்கு வேறு மாதிரித் தப்பு. மாஸ்டர் சிவப்புப் பேனாவால் சந்தோஷமாகச் சுழித்தார். அதை எழுதி முடித்த அன்றைக்கு என் புத்தியை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. வேண்டுமென்றே தப்புவிடுகிற புரோகிராமைத் தப்பில்லாமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது சத்தம். ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கண் உதவிப் பக்கத்தில் இருக்க, விரல் பாட்டுக்கு எதையாவது அடித்துக்கொண்டிருக்க வேண்டும். எதை அடிப்பது? யோசிக்காமல் விரலுக்கு வருவது ஒன்றே ஒன்றுதான். டைப்ரைட்டிங்கின் முதல் பாடம். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், ஓர் இடைவெளி, செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. இடது கையில் ஆறு தட்டு, வலது கையில் ஆறு தட்டு. மணிக்கணக்காக அடித்தேன்.

மூன்றாவது நாள் மத்தியானம் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது. அதட்டல் இல்லை. இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய, சாவகாசமான குரல்.

"மொதப் பாடம் நல்லா வருதுத்தா. கட்டவெரல்தான் லேட்டா விழுகுது. ஸ்பேஸைக் கட்டவெரலால தட்டு, ஆள்காட்டி வெரலால தட்டாத."

அக்காவின் மழை சட்டென்று நின்றது. அண்ணன் சிப்ஸை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டார். இருபது வருஷம் முதல் பாடத்தைக் கேட்டே காது தேய்ந்த மனிதரை, முதல் பாடத்தை அடித்தே ஏமாற்றப் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவமானத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

மாஸ்டர் வெளியே வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "காமி" என்றார். காட்டினேன். ஒன்றையும் மறைக்கவில்லை; தப்பு விழுகிற இடத்தைக்கூடக் காட்டினேன். அவர் சுழித்த சிவப்புச் சுழியெல்லாம் நான் முன்கூட்டியே வைத்தவை என்று தெரிந்தபோது மட்டும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. அதற்காக இன்றும் எனக்கு வருத்தமுண்டு.

திட்டுவார், போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் செய்தது அதைவிட மோசம். "அப்படின்னா மூணு பேரு வேலையையும் நீயே பாரு" என்றார். "மத்த ரெண்டு பேரும் மார்க்க ஏத்தட்டும். நீ முடிச்சதும் சொல்லு, அடுத்த பள்ளிக்கூடம் தர்றேன். அது முடிஞ்சா அதுக்கடுத்தது. மத்த ஆபீசு மாதிரி ஆறரை வரைக்கும் இரு."

கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த பரிசு அது. முழம் போயிற்று, முடித்தவர் போகலாம் என்ற விதியும் அதோடு போயிற்று. பஸ்ஸைச் சொன்னேன். மூணு பேர் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு பஸ் கிடைக்காதா என்றார். அன்று ஆறரைக்குத்தான் கிளம்பினேன். வீட்டில் அப்பா மூன்றாவது விரலைக் காட்டவேயில்லை. "நாளைக்கு நானும் வாறேன். மாஸ்டர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நிப்பாட்டிக்கிருவோம். சொல்லாம நின்டா மரியாதயா இருக்காது" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலைப் பஸ்ஸில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மடியில் ஒரு கூடை பன்னீர் திராட்சையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று சின்னமனூர் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சின்னமனூருக்கு அப்புறம் அடக்க முடியவில்லை; ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆபீசில் எங்களைப் பார்த்ததும் மாஸ்டர் டீ வாங்கிவரச் சொன்னார். அப்பா கூடையைக் கீழே வைத்து விஷயத்தைச் சொன்னதும் அவர் பதறிவிட்டார்.

"அண்ணே, என்னண்ணே இப்படிச் சொல்றீக? மூணு ஆள் வேலைய ஒத்த ஆளாப் பாக்குறாண்ணே ஒங்க பொண்ணு."

"மூணு ஆளு வேலையவா?" அப்பா என்னை ஒருதரம் பார்த்தார். பந்தலில் ஒரு வரிசை வெட்டச் சொன்னால் பாதியில் படுத்துவிடுகிறவள் என்ற நினைப்பு அந்தப் பார்வையில் இருந்தது. "அம்புட்டு வெரசாப் பாத்தா மத்தியானமே முடிஞ்சிருக்கணுமே. பெறகு ஏன் பொழுது அடஞ்சு வாரா?"

"முடிச்சிடுறாண்ணே. முடிச்சதும் அடுத்தது குடுக்குறேன்ல."

அப்பா குடித்துக்கொண்டிருந்த டீ கிளாஸை மேஜையில் வைத்தார். தன் கோபத்தையும் வந்த காரியத்தையும் அந்த நிமிஷத்தில் அவர் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஆள் வைத்து வேலை வாங்குகிற ஒருவர், அதே வேலை செய்கிற இன்னொருவரின் முட்டாள்தனத்தைப் பார்த்துப் பதறிய பதற்றம் அது.

"மாஸ்டரு, அது தப்பு" என்றார். "நானும் ஒருக்கா அந்தத் தப்பச் செஞ்சு பட்டுருக்கேன். நடவுக்குப் பொம்பளையாளுகள விட்டுருந்தேன். இம்புட்டு வயலு, நட்டு முடிச்சா கரையேறிக்கலாம், அதான் பேச்சு. ரெண்டு மணிக்கே நட்டு முடிச்சு வெளிய வந்துட்டாக. பொழுது கெடக்கேன்னு, பக்கத்து வயல்ல களையெடுக்க எறங்கச் சொன்னேன். எறங்குனாக. ஒரு வார்த்த பேசல."

"நல்லதுதானண்ணே?"

"மறுநாளு கேளுங்க. நாலு குத்து நடுறது, நிமிந்து இடுப்பப் புடிக்கிறது. வெத்தல போடுறது. ஆறு மணி வரைக்கும் அதே வயல்ல நின்டாக. நான் கரையில நின்டு கத்துறேன், சிரிச்சுக்கிட்டே நிக்கிறாக. அதுக்கடுத்த நாளு நானே போயி, முடிச்சா கரையேறிக்கங்க ஆத்தா, இனிமே கேக்க மாட்டேன்னேன். ஒரு மணிக்கெல்லாம் கரையேறிட்டாக. நமக்கு என்ன? நாத்து நட்டிருக்கா, அதப் பாத்துட்டுப் போக வேண்டியதுதான."

மாஸ்டர் திரும்பினார். சுவரில் இருந்த ஆணிகளைப் பார்த்தார். என் மேஜையைப் பார்த்தார். முதல் பாடமும், மணிக்கு மூன்று முழமும், வேண்டுமென்றே விட்ட தப்பும் அவர் மனதில் ஒவ்வொன்றாக வந்து போனதை என்னால் பார்க்க முடிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பொம்பளையாள் நான்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"சரிண்ணே" என்றார். "ஒரு நாளைக்கு ஒரு பள்ளிக்கூடம். முடிச்சா கரையேறிக்கட்டும்."

"அப்பச் சரி" என்றார் அப்பா. அப்புறம்தான் தான் எதற்கு வந்தோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. ஆனால் சரி என்று சொல்லியாகிவிட்டது. திராட்சைக் கூடையைக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே படி இறங்கிப் போய்விட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

அந்த வாரம் நான் ராணி. அக்காவுக்கும் அண்ணனுக்கும் என் ஒன்றரைச் சாணைச் சொல்லிக்கொடுத்தேன். அண்ணன் "மதி மதி" என்று பாதியில் எழுந்துபோனார். அக்கா ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டு, அதை ஒரு சாணாகக் குறைத்தார். வேகமும் விவரமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அப்போது பார்த்தேன். பதினோரு மணிக்கே பூ வைத்துக்கொண்டு கிளம்பினார். போகிறபோது என் திரையை எட்டிப் பார்த்து, "இன்னும் ஏழாம் வகுப்புதானா புள்ள?" என்று கேட்கத் தவறவில்லை.

சொல்லிக்கொடுத்து முடித்த பிறகு ஒருநாள் நான் முதல் தடவையாகப் பன்னிரண்டு மணிக்குக் கரையேறினேன். இரண்டு மணிக்கெல்லாம் சுருளிப்பட்டியில் இருந்தேன். வெயில் உச்சியில் அடிக்க, வேலை முடித்துவிட்டு ஊருக்குள் நடந்து வருவது எவ்வளவு பெரிய சந்தோஷம் தெரியுமா. அப்பா பந்தலிலிருந்து தலையை நீட்டினார்.

"வந்துட்டியாத்தா? வேல முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுப்பா. கரையேறிட்டேன்."

"நல்லது. சும்மாதான இருக்க. இங்கன ரெண்டு வரிசை கொல வெட்டாமக் கெடக்கு. கத்தரிக்கோல எடுத்துக்கிட்டு வா."

நான் அவரை உற்றுப் பார்த்தேன். முந்தின வாரம் மாஸ்டரின் மேஜையில் டீ கிளாஸை வைத்துவிட்டுப் பேசியவர் இவர்தானா என்று. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. கழுத்தை அண்ணாந்துகொண்டு பொழுது அடையும் வரை இரண்டு வரிசை வெட்டினேன். மறுநாள் மூன்று வரிசை.

அதற்கடுத்த நாளிலிருந்து நான் நாலு நாற்பது பஸ்ஸுக்கு முன்னால் வீட்டுக்குக் கிளம்பியதே இல்லை. பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று ஆரம்பிப்பேன். மாஸ்டருக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஏன் இன்னும் போகவில்லை என்று அவர் கேட்கவில்லை. எப்போதாவது தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து "கட்டவெரலு" என்று மட்டும் ஒரு சத்தம் வரும்.

அந்த வருஷம் லோயர் பரீட்சையில் பாஸ் பண்ணினேன்.